ஜூலை 18: ஒரு தேதியும் ஐந்து ஆண்டுகளும்

ஆடி பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மைதானத்துப் புழுதியைக் காற்று வாரி இறைத்துக்கொண்டிருந்தது. காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு எல்லாம் முடிந்து ‘வரலாற்றில் இன்று’ பகுதிக்கு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். பறக்கும் தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் படித்தாள்.

“ஜூலை 18. 1872, இங்கிலாந்தில் இரகசிய வாக்கெடுப்புச் சட்டம். 1918, நெல்சன் மண்டேலா பிறந்தார். 1947, இந்திய விடுதலைச் சட்டம். 1967, சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. 1980, எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வெற்றி. நன்றி, வணக்கம்.”

அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எதற்குக் கைதட்டினார்கள் என்று கேட்டிருந்தால் பாதிப் பேருக்குப் பதில் தெரிந்திருக்காது. அந்தத் தாளை எழுதிக் கொடுத்தது நான்தான். முந்தைய நாள் இரவு கைப்பேசியில் யாரோ அனுப்பிய பட்டியலைப் பார்த்து எழுதியது. சமூக அறிவியல் ஆசிரியர் என்பதால் அந்தப் பகுதி பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. நானும் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்துவந்தேன்.

அன்று மூன்றாம் பாடவேளையில் எட்டாம் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு மாணவன் எழுந்து நின்றான்.

“டீச்சர், தமிழ்நாடுன்னு பேரு வந்தது பொங்கல் அன்னிக்குன்னு எங்க தாத்தா சொல்வாரு. காலையில வேற தேதி படிச்சாங்களே?”

அவனுக்குப் பதில் சொல்வதற்குள் பக்கத்து வரிசையிலிருந்து இன்னொரு கேள்வி வந்தது.

“இத்தனையும் ஒரே நாள்ல நடந்திருக்கே டீச்சர். அந்த நாளுக்கு ஏதாவது விசேஷம் இருக்கா?”

முதல் கேள்வி என் பிழையைக் காட்டியது. பையனின் தாத்தா சொன்னதுதான் சரி. சென்னை மாநிலம் சட்டப்படி தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில். 1967 ஜூலை 18 அன்று நடந்தது வேறு. இரண்டாவது கேள்வி அதைவிடப் பெரியது. ‘வரலாற்றில் இன்று’ என்று நாம் நாள்தோறும் படிக்கும் பட்டியலின் அடிப்படையையே அது கேட்கிறது. அன்றைய பாடத்தை நிறுத்திவைத்துவிட்டு இந்த இரண்டு கேள்விகளையும் கரும்பலகையில் எழுதினேன். அடுத்த நான்கு பாடவேளைகள் அவற்றிலேயே கழிந்தன. அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று கேள்விகள்

வகுப்பில் மொத்தம் 31 பேர். ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆண்டைக் கொடுத்தேன். பள்ளி நூலகத்தில் இருந்த அரசியலமைப்புச் சட்ட நூல், பொது அறிவு நூல்கள், தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள், உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினி ஆகியவை எங்கள் துணைக்கருவிகள். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மூன்று கேள்விகள்தான்.

1. அந்தத் தேதியில் சரியாக நடந்தது என்ன?
2. அதற்கு முன்னால் என்ன நடந்தது?
3. அது மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது எப்போது?

மூன்றாவது கேள்விக்குத்தான் பிள்ளைகள் அதிகம் உழைத்தார்கள். பாடத்தின் உயிரும் அதில்தான் இருந்தது.

1872: வாக்குப் பெட்டி வந்த கதை

அதற்கு முன்பு இங்கிலாந்தில் வாக்களிப்பவர் மேடைக்கு முன் வந்து, எல்லார் காதிலும் விழும்படி தன் வேட்பாளரின் பெயரைச் சொல்லவேண்டும். நிலக்கிழாரும் முதலாளியும் அதைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். குத்தகை நிலத்தில் பிழைப்பவர் தன் மனத்தில் உள்ள பெயரைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப முடியுமா? 1872 ஜூலை 18 அன்று நிறைவேறிய சட்டம் இந்த முறையை மாற்றியது. வாக்குச்சீட்டில் குறியிட்டுப் பெட்டியில் போடும் முறை வந்தது.

உலகில் இதுதான் முதல் முறை என்று குழு எழுதி வந்தது. அது சரியல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் 1856-லேயே இம்முறை வந்துவிட்டது. பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை என்பதையும் ஒரு மாணவி கேட்டுத் தெரிந்துகொண்டு குறிப்பில் சேர்த்தாள்.

சட்டம் மக்கள் கைக்கு வந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, பாண்டிஃப்ராக்ட் என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தலில். வாக்குப் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்க வேண்டியிருந்தது. அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பெயர்பெற்றது. மிட்டாய் செய்யும் இடத்தில் பயன்படுத்திய முத்திரையையே பெட்டிக்கும் வைத்தார்கள். அந்தப் பெட்டி இன்றும் அவ்வூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த மிட்டாய்ச் செய்தியைப் பிள்ளைகள் இன்றுவரை மறக்கவில்லை.

இங்கே ஒரு செயல்பாடு செய்தோம். வகுப்புத் தலைவருக்கு இருவர் போட்டி. முதலில் கையுயர்த்தச் சொன்னேன். மாணவனுக்கு 19 கைகள், மாணவிக்கு 12. பிறகு சிறு தாள்களைக் கொடுத்து, பெயரை எழுதி மடித்து, சுண்ணக்கட்டிப் பெட்டியில் போடச் சொன்னேன். மாணவனுக்கு 14, மாணவிக்கு 17. வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. இரகசிய வாக்கெடுப்பு ஏன் தேவை என்பதற்கு நான் அதன்பின் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. யார் கை மாறியது என்று தேடக்கூடாது என்று மட்டும் சொன்னேன்.

1947: இருபத்தெட்டு நாள்கள்

ஆகஸ்ட் 15 எல்லாருக்கும் தெரியும். ஜூலை 18 பலருக்குத் தெரியாது. இந்தியாவுக்கு விடுதலை வழங்கும் மசோதா இலண்டன் நாடாளுமன்றத்தில் 1947 ஜூலை 4 அன்று அறிமுகமானது. இரண்டே வாரங்களில் இரு அவைகளிலும் நிறைவேறி, ஜூலை 18 அன்று மன்னர் ஆறாம் ஜார்ஜின் ஒப்புதலைப் பெற்றது. மொத்தம் 20 பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம். ஆகஸ்ட் 15 முதல் இந்தியா, பாகிஸ்தான் என இரண்டு டொமினியன்கள் அமையும் என்று அதன் முதல் பிரிவே சொல்லிவிடுகிறது.

சட்டம் கையெழுத்தானபோது இரு நாடுகளுக்கும் இடையே எல்லைக்கோடு வரையப்படவில்லை. அதை வரைய வந்த இராட்கிளிஃப் இந்தியாவுக்கு வந்து பத்து நாள்கள்தான் ஆகியிருந்தன. அவர் வரைந்த எல்லை வெளியிடப்பட்டது ஆகஸ்ட் 17 அன்று. அதாவது, விடுதலை கிடைத்து இரண்டு நாள்கள் வரை பஞ்சாபிலும் வங்காளத்திலும் பலருக்குத் தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்பது உறுதியாகத் தெரியாது. முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி ஏறியது. குல்னாவில் இந்தியக் கொடி ஏறியது. எல்லை வெளியானதும் இரண்டும் இறங்கி, மாறி ஏறின.

“கொடி மாத்துற அன்னிக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல என்ன செஞ்சிருப்பாங்க டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் இப்படிப்பட்ட கேள்வி இருக்காது. பிரிவினையைப் பாடநூலில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் அந்த ஊருக்குள் போய் நின்று கேட்டது அன்றுதான்.

இந்தச் சட்டம் இன்று எங்கே இருக்கிறது? நூலகத்தில் இருந்த அரசியலமைப்புச் சட்ட நூலின் கடைசிப் பகுதிக்குப் போகச் சொன்னேன். உறுப்பு 395. இந்திய விடுதலைச் சட்டமும் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டமும் நீக்கப்படுகின்றன என்று அதில் எழுதியிருக்கிறது. நமக்கு விடுதலை தந்த அந்நியச் சட்டத்தை நம் அரசியலமைப்பே நீக்கிவிட்டது. நம் உரிமை இன்னொரு நாட்டுச் சட்டத்தின் மீது நிற்கக்கூடாது என்பதே அதன் பொருள்.

1967: பெயர் கேட்டவர்கள்

தாத்தா சொன்னதைக் கேட்டு வந்த மாணவனை இந்தக் குழுவுக்குத் தலைவனாக்கினேன்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. நம் மாநிலத்தின் எல்லை மாறியது, பெயர் மாறவில்லை. அந்த ஆண்டு ஜூலை 27 அன்று விருதுநகரில் விடுதலைப் போராட்ட வீரர் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அவருடைய பன்னிரண்டு கோரிக்கைகளுள் தமிழ்நாடு என்ற பெயர் மாற்றமும் ஒன்று. இரண்டு மாதங்களைக் கடந்து நீண்ட அந்த நோன்பு அக்டோபர் 13 அன்று அவர் உயிரோடு முடிந்தது. மொழிவழி மாநிலம் பிறந்த நாளைப் பார்க்க அவர் இல்லை. இடையில் இருந்தது 19 நாள்கள்தான்.

அதன்பின் இந்தக் கோரிக்கை மாநிலங்களவைக்கும் சென்றது. அங்கே தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் பூபேஷ் குப்தா. அதை ஆதரித்து அண்ணா பேசினார். மசோதா தோற்றது. 1967-இல் முதலமைச்சரான அண்ணா, ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கட்சி வேறுபாடு இன்றி அவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது.

அன்று நிறைவேறியது தீர்மானம். மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது என்று அரசியலமைப்பின் உறுப்பு 3 சொல்கிறது. நாடாளுமன்றம் 1968-இல் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அடுத்த மாதம் 3-ஆம் தேதி அண்ணா மறைந்தார். அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த நாள்களைப் பிள்ளைகள் எண்ணிப் பார்த்தார்கள். இருபது.

1956 நவம்பர் 1, 1967 ஜூலை 18, 1969 ஜனவரி 14 ஆகிய மூன்று தேதிகளும் உண்மையானவை. முதலாவது எல்லை அமைந்த நாள், இரண்டாவது நம் சட்டமன்றம் தன் விருப்பத்தைச் சொன்ன நாள், மூன்றாவது பெயர் சட்டமான நாள். சில ஆண்டுகளுக்கு முன்பு நவம்பர் 1 தமிழ்நாடு நாள் என அறிவிக்கப்பட்டிருந்தது. 2021-இல் தமிழ்நாடு அரசு ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. எந்த நாளைக் கொண்டாடுவது என்பது ஒரு சமுதாயம் எதை நினைவில் வைக்க விரும்புகிறது என்பதைப் பொறுத்தது. அன்று என்ன நடந்தது என்பது சான்றுகளைப் பொறுத்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவர் வரலாற்றில் ஒரு பெரிய படியைத் தாண்டிவிட்டார்.

குழு தன் அறிக்கையை முடித்ததும் கரும்பலகையில் என் பட்டியலின் நான்காவது வரியை எழுதினேன். ‘தமிழ்நாடு ஆனது’ என்பதை அடித்துவிட்டு, ‘தமிழ்நாடு எனப் பெயரிடச் சட்டமன்றம் தீர்மானித்தது’ என்று அந்தப் பையனைத் திருத்தச் சொன்னேன். மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் திருத்தத்தை நானே படித்தேன்.

1980: தோல்வியோடு சேர்த்துப் படித்த வெற்றி

1980 ஜூலை 18 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 கிளம்பியது. 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் நான்கு கட்டங்களும் கொண்ட ராக்கெட். 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. திட்ட இயக்குநர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம்.

‘முன்னால் என்ன நடந்தது’ என்ற கேள்வி இங்கே பிள்ளைகளை 1979 ஆகஸ்ட் 10-க்குக் கூட்டிச் சென்றது. அன்று கிளம்பிய முதல் எஸ்.எல்.வி.-3, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கோளாறால் வங்கக் கடலில் விழுந்தது. செய்தியாளர்கள் முன் வந்து பொறுப்பேற்றுப் பேசியவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு வெற்றி பெற்றபோது செய்தியாளர்களிடம் பேச அவர் கலாமை அனுப்பினார். கலாம் இதைப் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பட்டியலில் ‘வெற்றி’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் படித்திருந்தால் இந்த நிகழ்வு எங்கள் வகுப்புக்கு வந்திருக்காது. தேர்வில் தோற்ற பிள்ளையிடம் எப்படிப் பேசவேண்டும் என்று யோசிக்கும் நமக்கும் இதில் பாடம் இருக்கிறது.

செயற்கைக்கோளைத் தன் ராக்கெட்டில் செலுத்திய ஆறாவது நாடு இந்தியா என்று ஒரு புத்தகத்திலும், ஏழாவது என்று இன்னொன்றிலும் இருந்ததாகக் குழு சண்டையோடு வந்தது. நாடுகளை வரிசையாக எழுதச் சொன்னேன். சோவியத் ஒன்றியம் 1957, அமெரிக்கா 1958, பிரான்ஸ் 1965, ஜப்பான் 1970, சீனா 1970. பிரிட்டனும் 1971-இல் ஒரு முறை செலுத்தியது; ஆனால் அந்த ராக்கெட் திட்டத்தை அத்தோடு கைவிட்டுவிட்டது. பிரிட்டனைச் சேர்த்தால் நாம் ஏழு, விட்டால் ஆறு. எண்ணைவிட, எப்படி எண்ணினோம் என்பது முக்கியம் என்று பிள்ளைகள் தாங்களே கண்டார்கள்.

1918: பெயரும் வாக்கும்

தென்னாப்பிரிக்காவின் ம்வேசோ என்ற சிற்றூரில் 1918 ஜூலை 18 அன்று பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரோலிலாலா. பள்ளியில் சேர்ந்த முதல் நாளில் ஆசிரியை அவருக்கு ‘நெல்சன்’ என்று ஆங்கிலப் பெயர் வைத்தார். அன்றைய ஆங்கிலேயக் கல்விமுறையின் வழக்கம் அது. உலகம் இன்றுவரை அந்தப் பெயரால்தான் அவரை அழைக்கிறது.

27 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு 1990 பிப்ரவரி 11 அன்று மண்டேலா வெளியே வந்தார். எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1994 ஏப்ரலில் நடந்தது. மண்டேலா தன் வாழ்நாளின் முதல் வாக்கைச் செலுத்தியது அப்போதுதான். வயது 75. வாக்களித்த இடம் டர்பனுக்கு அருகே இனாண்டாவில் உள்ள ஓலாங்கே என்ற பள்ளிக்கூடம். “நம்ம பள்ளிக்கூடத்துலயும் எலெக்சன் நடக்குமே டீச்சர்” என்று ஒருத்தி சொன்னபோது வகுப்பு முழுவதும் அறையைச் சுற்றிப் பார்த்தது. அவர்களுடைய வகுப்பறைதான் எங்கள் ஊரின் வாக்குச்சாவடி.

ஏழால் வகுபடும் வரலாறு

ஐந்து குழுக்களும் அறிக்கை படித்த பிறகு, இடைப்பட்ட நாள்களைக் கணக்கிடச் சொன்னேன். கணித ஆசிரியரும் வகுப்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

1872 சட்டத்திலிருந்து முதல் வாக்குப்பதிவு வரை: 28 நாள்கள்.
1947 சட்டத்திலிருந்து விடுதலை வரை: 28 நாள்கள்.
1967 தீர்மானத்திலிருந்து பெயர் நடைமுறைக்கு வரும் வரை: 546 நாள்கள்.
1979 தோல்வியிலிருந்து 1980 வெற்றி வரை: 343 நாள்கள்.

முதல் இரண்டும் 28; இரண்டும் முடிவது ஆகஸ்ட் 15-இல். வகுப்பில் சலசலப்பு. அதற்குள் ஒருவன், “டீச்சர், நாலுமே ஏழால வகுபடுது!” என்று கத்தினான். சரிபார்த்தோம். 28-ஐ ஏழால் வகுத்தால் 4, 546-ஐ வகுத்தால் 78, 343-ஐ வகுத்தால் 49. மீதி எதிலும் இல்லை. ஆகவே ஒவ்வொன்றிலும் தொடக்க நாளும் முடிவு நாளும் ஒரே கிழமை. 1947-இல் இரண்டும் வெள்ளி. 1967 ஜூலை 18-உம் 1969 பொங்கலும் செவ்வாய்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு கணம் வியப்பாகத்தான் இருந்தது. ‘அந்த நாளுக்கு ஏதாவது விசேஷம் இருக்கா’ என்று கேட்டவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்த இடத்தில் பாடத்தை முடித்திருந்தால் பிள்ளைகள் ஜூலை 18-க்கு ஏதோ சக்தி இருப்பதாக நம்பி வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதனால் இன்னும் சில இடைவெளிகளைக் கணக்கிடச் சொன்னேன். சங்கரலிங்கனார் மறைவிலிருந்து நவம்பர் 1 வரை 19 நாள்கள், வகுபடவில்லை. பெயர் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அண்ணா மறைவு வரை 20, வகுபடவில்லை. மண்டேலா பிறந்தது வியாழன், முதல் வாக்கைச் செலுத்திய ஏப்ரல் 27 புதன், அதுவும் பொருந்தவில்லை. பொருந்தியவற்றை மட்டும் எடுத்து வைத்தால் எந்த நாளையும் விசேஷ நாளாக்கலாம் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது.

பிறகு கரும்பலகையில் ஐந்து ஆண்டுகளையும் வட்டமாக எழுதி, ‘இவற்றுள் ஒன்று இல்லாமல் இன்னொன்று நடந்திருக்காது என்றால் மட்டும் கோடு போடுங்கள்’ என்றேன். மெதுவாகக் கோடுகள் விழுந்தன. 1967-இல் சட்டமன்றத்தில் வாக்களித்த உறுப்பினர்கள் இரகசிய வாக்கெடுப்பில் தேர்வானவர்கள். ஆகவே 1872-இன் பக்கம் ஒரு கோடு. அந்தச் சட்டமன்றம் விடுதலை பெற்ற நாட்டின் அரசியலமைப்பின்கீழ் இயங்கியது. 1947-க்கு ஒரு கோடு. மண்டேலாவின் வாக்கிலிருந்து 1872-க்கு இன்னொன்று. 1980-இலிருந்து 1967-க்குக் கோடு போட ஒருவன் முயன்றான். “கலாம் தமிழ்நாட்டுக்காரர்தானே?” உண்மைதான், ஆனால் மாநிலத்தின் பெயர் மாறியதால் ராக்கெட் பறக்கவில்லை. வகுப்பே அந்தக் கோட்டை அழித்தது.

எதையும் தேதி இணைக்கவில்லை. இணைத்தவை மனிதர்களும் சட்டங்களும்தான். ஒரே நாளில் நிகழ்வது பொருத்தம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது தொடர்பு. ஒரு தேதிப் பட்டியலைக் கொண்டு இதைவிடத் தெளிவாக இந்த வேறுபாட்டைக் கற்பிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வகுப்பில் செய்ய

உயர்நிலை வகுப்புகளுக்கு ஒரு தேதிக்கு மூன்று நிகழ்வுகள் போதும். மாணவர் படிக்கும் பாடங்களோடு சேரும் நிகழ்வுகளாக எடுங்கள். ‘நிறைவேறியது’, ‘ஒப்புதல் பெற்றது’, ‘நடைமுறைக்கு வந்தது’, ‘அறிவிக்கப்பட்டது’ ஆகிய சொற்களை முதலில் விளக்கிவிடுங்கள். பாதிப் பிழைகள் இந்தச் சொற்களைக் கலப்பதால்தான் வருகின்றன. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் குறைந்தது இரண்டு இடங்களில் ஒத்துப்போகிறதா என்று மாணவரே பார்க்கட்டும். ஒத்துப்போகாத வரியைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் நல்ல பாடம்.

தொடக்க வகுப்புகளில் தினசரி நாட்காட்டித் தாள் ஒன்றே போதும். கிழித்த தாளின் பின்பக்கத்தில், ‘இன்று எங்கள் வகுப்பில் நடந்தது’ என்று ஒரு வரி எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ‘முட்டையிலிருந்து கோழிக்குஞ்சு வந்தது’, ‘புதுப் பையன் சேர்ந்தான்’ என்று வரும். ஆண்டு முடிவில் அது அந்த வகுப்பின் வரலாற்று நூல். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியிடம் ஒரு தேதி கேட்டு வரலாம்: ஊருக்கு மின்சாரம் வந்த நாள், பேருந்து வந்த நாள். நாள் நினைவில் இல்லாவிட்டால், ‘அந்த வருசம் பெருமழை’, ‘அக்கா கல்யாணத்துக்கு முந்தின ஆடி’ என்று சொல்வார்கள். அதையும் அப்படியே எழுதட்டும். மக்கள் காலத்தை நினைவில் வைக்கும் முறை அதுதான்.

மதிப்பீட்டுக்குத் தேதி கேட்காதீர்கள். புதிய தேதி ஒன்றைக் கொடுத்து, அந்த மூன்று கேள்விகளை எழுப்பத் தெரிகிறதா என்று பாருங்கள்.

எங்கள் காலை வணக்கக் கூட்டத்தில் இப்போது ஐந்து நிகழ்வுகள் படிப்பதில்லை. ஒன்றுதான். அதன் முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு நிமிடம். தாளை மாணவர்களே எழுதுகிறார்கள், நான் சரிபார்க்கிறேன். தாத்தாவின் பேச்சைக் கொண்டு வந்த அந்தப் பையன் எனக்கு முன்பே சரிபார்த்துவிடுகிறான்.

கடைசியாக ஒன்று. மண்டேலாவுக்கு ஆசிரியை பெயர் வைத்த கதையைச் சொன்ன அன்று, என் பிறந்த நாளையும் பிள்ளைகளிடம் சொன்னேன். சான்றிதழில் இருப்பது ஜூன் மாதத்துத் தேதி. நான் பிறந்தது ஐப்பசியில், தீபாவளிக்கு மூன்றாம் நாள், அடைமழையில் என்று அம்மா சொல்வார். பள்ளியில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று ஆசிரியர் ஒருவர் போட்டுக்கொடுத்த தேதியோடுதான் நான் படித்தேன், வேலைக்கு வந்தேன், ஓய்வும் பெறுவேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் ஒரு நிமிடத்தில் ஓர் ஆசிரியர் எழுதிய வரி ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும் கூடவே வருகிறது.

சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினாலும் சரி, காலையில் படிக்கக் கொடுக்கும் துண்டுத் தாளில் எழுதினாலும் சரி, நாம் எழுதும் தேதியைப் பிள்ளைகள் நம்புகிறார்கள். எழுதுவதற்கு முன் ஒரு முறை சரிபார்த்துவிடுவோம்.